லண்டன் காலுக்கு அளவு உண்டு, ஆம்பூர் காலுக்கு?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் யாரிடமாவது 'அரை சைஸ்' என்றால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ஏறத்தாழ நாலு மில்லிமீட்டர் என்று காட்டுவார். அந்த நாலு மில்லிமீட்டர் தவறினால் ஜோடி திரும்பி வரும், சூப்பர்வைசர் கத்துவார். கடலுக்கு அப்பால் இருக்கும் முகம் தெரியாத ஒருவரின் பாதத்தை ஷூ கடிக்கக் கூடாது, உறுத்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வெட்டி, ஓரம் சீவி, தைத்து, ஒட்டி அனுப்புகிறார்கள் நம் மக்கள்.

அதே ஊரில், அதே தெருவில், போலியோவால் ஒரு கால் சூம்பியவர் இருக்கிறார். சர்க்கரை நோயில் பாதி பாதத்தை இழந்தவர் இருக்கிறார். டேனரி இயந்திரத்தில் விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தவர் இருக்கிறார். இவர்களுக்கு அளவெடுக்க யாரும் வருவதில்லை. எப்போதோ ஒரு முகாம் நடக்கும், லாரியில் சக்கர நாற்காலிகள் வந்து இறங்கும். எட்டு வயதுக் குழந்தைக்கும் எண்பது கிலோ எடையுள்ளவருக்கும் ஒரே நாற்காலி. வாங்குபவர் கும்பிட வேண்டும், கொடுப்பவர் சிரிக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். மூன்றே மாதத்தில் அந்த நாற்காலி வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடியாகிவிடும்.

உலகத்தின் கால்களுக்கு அளவெடுக்கத் தெரிந்த ஊரில், அந்த ஊர் மக்களின் உடலுக்கு அளவெடுக்க ஆள் இல்லை. இதைத் திட்டக் குறைபாடு என்று மட்டும் பார்த்தால் போதாது. இதற்குள் சாதி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி உபகரணங்கள் பற்றிப் பேசுவது நலத்துறையின் வேலை என்று சாதி ஒழிப்பு இயக்கங்கள் இதுவரை ஒதுங்கியே இருந்துவிட்டோம். அந்த ஒதுக்கத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

செருப்புத் தைத்தவர் செருப்பு போடக்கூடாது

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மேல்விஷாரம் முதல் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் பகுதியில் உழைப்பவர்களில் பெரும்பகுதி தலித் மக்களும் முஸ்லிம்களும். ஷூ கம்பெனிகளுக்குள் போனால் பெண்களே அதிகம். கம்பெனி வாசலைத் தாண்டாமல், வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதியான 'அப்பரை' ஊசியால் தைத்துக் கொடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

இந்த வேலை இந்த மக்களிடம் வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. செத்த மாட்டைத் தூக்குவதும் தோலை உரிப்பதும் தீட்டு என்று ஒதுக்கி, அதைச் செய்தே ஆக வேண்டும் என்று சிலர் தலையில் கட்டியது சாதி. பிறகு அந்தத் தோலில் டாலர் வரும் என்று தெரிந்தபோது லாபத்துக்குத் தீட்டு இல்லாமல் போனது. அழுக்கும் சுண்ணாம்பும் குரோமியமும் மட்டும் பழைய கைகளிலேயே தங்கிவிட்டன. உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே படிநிலையாக அடுக்கி வைப்பதுதான் சாதி என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியதற்கு இங்கே நடைமுறை உரையே கிடைக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊர்த் தெருவுக்குள் தலித்துகள் செருப்பு போட்டு நடக்கக் கூடாது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது தாத்தா காலத்துக் கதை மட்டும் அல்ல. செருப்பைச் செய்தவனுக்குச் செருப்பு போடும் உரிமை இல்லை. ஒரு கருவியைச் செய்யும் உழைப்பு ஒருவருக்கு, அதைப் பயன்படுத்தும் கண்ணியம் வேறொருவருக்கு என்று பிரித்து வைத்த சமூகம் இது. சக்கர நாற்காலியும் செயற்கைக் காலும் யாருக்கு எப்படிக் கிடைக்கின்றன என்ற கேள்விக்கு இந்த வரலாற்றை விட்டுவிட்டுப் பதில் தேட முடியாது.

கரிகிரி கற்றுக்கொடுத்த பாடம்

இந்தப் பகுதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது.

1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்க வைத்தார். அதைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் கண்டறிந்து காட்டிய ஓர் எளிய உண்மை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நோய் நரம்பைத் தாக்குகிறது, உணர்ச்சி போய்விடுகிறது. வலி தெரியாததால் பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கிறது. கல் குத்துவதும் ஆணி ஏறுவதும் தெரிவதில்லை. புண் ஆகிறது, சீழ் பிடிக்கிறது, எலும்பு கரைகிறது. அப்படியானால் மருந்து நோயைக் குணப்படுத்தலாம், பாதத்தைக் காப்பாற்ற வேண்டியது செருப்பு.

1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் இந்த வேலை வளர்ந்தது. அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர், அதன் அடியில் முள் ஏறாத கெட்டியான அடித்தட்டு, ஆணியே அடிக்காத கட்டமைப்பு, வீங்கிய காலுக்கும் பொருந்தும்படி தளர்த்தி இறுக்கும் பட்டைகள். 'எம்.சி.ஆர். செருப்பு' என்று இன்றைக்கும் நாடு முழுக்க அழைக்கப்படும் அந்தக் காலணியின் வரலாற்றில் நம் வட்டாரத்துக்குப் பெரிய இடம் உண்டு. மருத்துவரும் செருப்புத் தைப்பவரும் ஒரே பாதத்தைப் பார்த்து யோசித்தால் மட்டுமே அது சாத்தியம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி இழந்தவர்களின் பாதத்தைக் காப்பாற்றுவதும் இதே தத்துவம்தான்.

அதே வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. ஒரு நாற்காலியும் அதற்கேற்ற அறுவை அரங்கும் கிடைத்தால் ஒருவர் என்னவாக முடியும் என்பதற்கு அவர் சாட்சி. அந்த நாற்காலியும் படிப்பும் எல்லோருக்கும் கிடைத்தனவா என்பதுதான் நம் கேள்வி.

இந்த வரலாறு ஒரு சிக்கலையும் காட்டுகிறது. எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தவுடனே 'இது தொழுநோய்க்காரர் செருப்பு' என்று ஊர் அடையாளம் கண்டுகொண்டது. அதைப் போட்டால் டீக்கடையில் ஒதுக்குவார்கள், பெண் எடுக்க மாட்டார்கள் என்று பயந்து பலர் வீட்டிலேயே கழற்றி வைத்தார்கள், புண் திரும்ப வந்தது. ஒரு கருவி மருத்துவக் கணக்கில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. போடுகிறவரின் மானத்துக்கும் அது பொருந்த வேண்டும். தீட்டு என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆக, இந்த வட்டாரத்தில் தோல் இருக்கிறது. அதை அளந்து வெட்டித் தைக்கும் கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சிகிச்சைக் காலணிகளை எழுபது ஆண்டுகளாகப் படித்த நிறுவனம் இருக்கிறது. மறுவாழ்வு மருத்துவம் இருக்கிறது. 1948 முதல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் ஆம்பூர்ச் சேரியில் காலில் புண்ணோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அவர் அளவுக்கு ஒரு செருப்பு கிடைக்கவில்லை என்றால், குறை தொழில்நுட்பத்தில் இல்லை.

விரலுக்கு விலை தெரியும்

தோல் தொழிலே உடலைத் தேய்க்கும் தொழில். சதை சீவும் இயந்திரமும் தோலைப் பிளக்கும் இயந்திரமும் விரலுக்கும் தோலுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. குரோமியம் கையைப் புண்ணாக்குகிறது. டிரம்களும் இயந்திரங்களும் எழுப்பும் சத்தத்தில் வருடக்கணக்கில் நின்றவர் காது கேட்காமல் போகிறார். கறுப்புத் தோலில் கறுப்பு நூலால் இருபது வருடம் தைத்த பெண்ணுக்கு நாற்பது வயதில் ஊசித் துளை தெரிவதில்லை. 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்த் தொட்டி இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். சாவு நடந்தால் ஒரு நாள் செய்தி வரும். மெதுவாகத் தேயும் உடல்களுக்கு அந்த ஒரு நாளும் இல்லை.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 விழுக்காடு இழப்பு. ஒரு கையில் இரண்டு விரல் என்றால் 20. கட்டை விரலுக்கு 30. நான்கு விரலுக்கு 50. மணிக்கட்டு வரை ஒரு கை போனால் 60. முழங்கை நுனியிலிருந்து 11.43 சென்டிமீட்டருக்கு மேலா கீழா என்றுகூடப் பிரித்து அளந்தது சட்டம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இப்படியான அட்டவணையைச் சுமந்தே வருகிறது. வெட்டுப்பட்ட இடத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கத் தெரிந்த அரசுக்கு, அந்த இடத்தில் பொருத்த வேண்டிய கருவிக்கு அளவெடுக்கத் தெரியவில்லை.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் அம்பேத்கர் இருந்த காலத்தில் அடித்தளம் போடப்பட்டு, 1948-இல் சட்டமான திட்டம் அது. பதிவு பெற்ற தொழிலாளி உறுப்பை இழந்தால் செயற்கை உறுப்பு தரவும் அதில் வழி உண்டு. ஆனால் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியாக வந்து, ரிஜிஸ்டரில் பெயரே ஏறாதவருக்கு ஈ.எஸ்.ஐ. எட்டாது. வீட்டுத் திண்ணையில் அப்பர் தைக்கும் பெண் அந்தக் கணக்கில் தொழிலாளியே இல்லை. தோல் வேலையிலேயே அதிக ஆபத்தும் குறைந்த கூலியும் உள்ள இடத்தில் நிற்பவர்கள்தான் பாதுகாப்பு வளையத்துக்கும் வெளியே நிற்கிறார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

நாற்பது விழுக்காடு என்னும் வாசல்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்தது. அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களைச் சேர்த்தது. அதன் 24-ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு உதவி உபகரணங்களை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. அதே பிரிவு, அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் அரசுகள் எப்போதும் வெளியேறுகின்றன.

நடைமுறையில் இன்னொரு வாசல் இருக்கிறது. 1981 முதல் நடக்கும் ஒன்றிய அரசின் உபகரணத் திட்டத்தில் பயன்பெற 40 விழுக்காடு குறைபாடு என்று சான்றிதழ் வேண்டும். இரண்டு விரலை இழந்தவர் அந்த எல்லையை எட்டுவது கடினம். ஆனால் அவருடைய பிழைப்பே விரலில் இருக்கிறது. கண் மங்கிய தையல்காரப் பெண் எந்த விழுக்காட்டிலும் வர மாட்டார், ஆனால் நூறு ரூபாய்க் கண்ணாடி இல்லாமல் அவர் வேலை போகும். தேவை என்பது உடலும் வேலையும் தெருவும் சேர்ந்து உருவாகும் விஷயம். மருத்துவர் எழுதும் ஒற்றை எண்ணுக்குள் அது அடங்காது.

கண்ணாடி எல்லாம் உதவித் தொழில்நுட்பமா என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 50 முன்னுரிமை உபகரணங்களின் பட்டியலில் மூக்குக் கண்ணாடி இருக்கிறது. காதொலிக் கருவி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் எல்லாம் இருக்கின்றன. நம் கரிகிரிச் செருப்பும் 'சிகிச்சைக் காலணி' என்ற பெயரில் அதில் இருக்கிறது. அதே நிறுவனமும் யுனிசெஃபும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஏதாவது ஒரு உதவி உபகரணம் தேவை என்றும், அவர்களில் கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை என்றும் சொன்னது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அவர்கள் பறித்த இலையின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. முதலாளிக்கு உற்பத்தி கூடும் என்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்குக் கண்ணாடி என்பது கூலி. அதை மறுப்பது கூலியைத் திருடுவது.

'இதில் சாதி எங்கே வந்தது?'

ஊனம் எல்லாச் சாதியிலும் வருமே என்று கேட்பவர்கள் உண்டு. வரும். ஆனால் சமமாக வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. சத்துணவு, பிரசவ மருத்துவம், ஆபத்தான வேலை, குடிக்கும் தண்ணீர் எல்லாமே இந்த வித்தியாசத்துக்குள் இருக்கின்றன.

வந்த பிறகும் சமமாக இருப்பதில்லை. சொந்த வீடும் காரும் உள்ளவருக்குக் கால் போனால் வீட்டுக்குச் சாய்தளம் போடுவார், காரை மாற்றுவார், வேலையாள் வைப்பார். இரண்டடி அகலச் சந்துக்குள், திறந்த சாக்கடை ஓரத்தில், ஒற்றை அறை வீட்டில் இருப்பவருக்குச் சக்கர நாற்காலி கிடைத்தாலும் அதை எங்கே ஓட்டுவது? ஊர்த் தெருவுக்கு சிமென்ட் சாலை வந்து இருபது வருடம் கழித்துச் சேரிக்கு வருகிறதென்றால், அந்த இருபது வருடமும் சேரியில் உள்ள நாற்காலி வீட்டுக்குள் நிற்கும். பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி செய்வதற்கான விதிகள் வெறும் ஆலோசனையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மெட்ரோ நிலையத்தோடு நின்றுவிடக் கூடாது. சேரிச் சந்துவரை வர வேண்டும்.

அறிவுக்கும் சாதி உண்டு. ஜெய்ப்பூர் கால் எல்லோருக்கும் தெரியும். வெறுங்காலோடு நடக்கவும், சப்பணமிட்டு உட்காரவும், வயலில் இறங்கவும் முடிகிற செயற்கைக் கால் அது. 1960களின் கடைசியில் அதை உருவாக்கியதில் மருத்துவர் பி.கே. சேத்தியோடு ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞருக்கும் சம பங்கு உண்டு. 1981-இல் மகசேசே விருது மருத்துவருக்குக் கிடைத்தது. பெரிய பள்ளிப்படிப்பு இல்லாத அந்தக் கைவினைஞரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கையால் செய்பவரின் அறிவை அறிவு என்று ஒப்புக்கொள்ளாத சமூகத்தில் இது நடக்கும். தோலின் எந்தப் பக்கம் நீளும், எந்தத் தையல் உறுத்தும் என்று விரல் நுனியில் தெரிந்து வைத்திருக்கும் ஆம்பூர்த் தொழிலாளியை எந்த அரசுக் குழுவும் இதுவரை நிபுணர் என்று அழைத்ததில்லை.

என்ன கேட்கிறோம்

முகாம்களை விட்டு வெளியே வர வேண்டும். ஓர் உபகரணம் ஒருவருக்குப் பயன்பட நான்கு காரியம் நடக்க வேண்டும்: அளவெடுப்பது, பொருத்துவது, பயன்படுத்தப் பழக்குவது, பழுது பார்ப்பது. முகாம் என்பது இந்த நான்கையும் விட்டுவிட்டு விநியோகத்தை மட்டும் செய்யும் ஏற்பாடு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் நிரந்தரமான அரசுப் பட்டறைகள் வேண்டும். கால் அளவெடுத்து அங்கேயே சிகிச்சைக் காலணி தைக்க வேண்டும். காலிப்பருக்குப் பட்டை மாற்றவும், நாற்காலிக்குச் சக்கரம் மாற்றவும், காதொலிக் கருவிக்கு பேட்டரி வாங்கவும் அங்கே முடிய வேண்டும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர்க்காரருக்கு மாவட்ட அலுவலகம் திருப்பத்தூரில், பெரிய மருத்துவமனை சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி வேலூரில். நடக்க முடியாதவரை அலையவிடும் ஏற்பாட்டுக்கு நலத்திட்டம் என்று பெயர் வைக்க முடியாது. தமிழ்நாடு அரசு உலக வங்கி நிதியோடு தொடங்கியிருக்கும் 'விழுதுகள்' சேவை மையங்களுக்கு இப்படிப்பட்ட பட்டறைகளை இணைக்கலாம்.

அந்தப் பட்டறைகளில் வேலைக்கு எடுக்க வேண்டியவர்கள் இந்த ஊர்த் தோல் தொழிலாளர்கள். வேலை இழந்த பெண் தையல்காரர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதலிடம் தர வேண்டும். பயிற்சி தரக் கரிகிரியும் வேலூரும் அடையாறும் பக்கத்திலேயே இருக்கின்றன. இத்தனை காலம் இழிவு என்று சொல்லப்பட்ட கைத்திறன் மருத்துவத் திறனாக, மாதச் சம்பளமும் பதவிப் பெயரும் உள்ள வேலையாக மாற வேண்டும். அங்கே தைக்கும் செருப்பு தொழுநோய்ச் செருப்பாகவோ சர்க்கரைச் செருப்பாகவோ தெரியக் கூடாது. ஏற்றுமதி ஷூவுக்குத் தரும் அழகை இதற்கும் தர இந்தக் கைகளுக்குத் தெரியும்.

அளவுக்கேற்ற சக்கர நாற்காலி கனவு இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான குழுவின் உழைப்பில், பயன்படுத்துபவரின் உடலுக்கு ஏற்பப் பொருத்தும் 'நியோஃபிளை' நாற்காலி 2020-இல் வந்தது. அப்போது அதன் விலை ஏறத்தாழ 40,000 ரூபாய். ஷூ கம்பெனித் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளம். தொழில்நுட்பம் சென்னை வரை வந்துவிட்டது, விலை அதை ஆம்பூருக்கு வர விடவில்லை. அரசு மொத்தமாக வாங்கிக் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கர நாற்காலிக்கும் பிரெய்ல் கருவிக்கும் 5 விழுக்காடு வரி போட்ட அரசு, நடப்பதையும் படிப்பதையும் நுகர்வு என்று பார்த்தது. அந்தப் பார்வை மாற வேண்டும்.

உபகரணத்துக்கு 40 விழுக்காடு நிபந்தனை கூடாது. தேவை இருந்தால் தர வேண்டும். ஷூ கம்பெனிகளும் டேனரிகளும் ஆண்டுக்கொருமுறை கண்ணையும் காதையும் சோதித்து, கண்ணாடியும் காதொலிக் கருவியும் தங்கள் செலவில் தர வேண்டும். வீட்டிலிருந்து தைப்பவர்களும் இந்தக் கணக்கில் வர வேண்டும். இங்கிருந்து வாங்கும் ஐரோப்பிய பிராண்டுகள் தோல் எங்கே பதனிடப்பட்டது என்று கேட்பதுபோல, அதைப் பதனிட்டவரின் விரல் எங்கே என்றும் கேட்க வேண்டும். கருவி தருவதால் பாதுகாப்பில்லாத இயந்திரத்துக்கு மன்னிப்பு கிடைத்துவிடாது. விபத்தைத் தடுப்பதும் விபத்துக்குள்ளானவரை எழுந்து நிற்க வைப்பதும் ஒரே கோரிக்கையின் இரு பக்கங்கள்.

இன்னொன்று, கணக்கு. எந்த ஊரில், எந்தச் சாதியில், எத்தனை பெண்களுக்கு, என்ன உபகரணம் கிடைத்தது, ஒரு வருடம் கழித்து அது பயன்பாட்டில் இருக்கிறதா என்று அரசு வெளியிட வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தம் 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்த நாற்காலிகளில் தலித் மாற்றுத்திறனாளிப் பெண்கள் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மேடையையும் பார்ப்போம்

அரசை மட்டும் கேட்டுவிட்டு முடித்தால் அது நேர்மை ஆகாது. அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்துக்கு நாம் போடும் மேடையில் சாய்தளம் இருக்கிறதா? படிப்பு வட்டத்தை மாடி அறையில் வைத்துவிட்டு, சக்கர நாற்காலித் தோழர் ஏன் வருவதில்லை என்று கேட்கிறோமா? நம் காணொலிகளில் எழுத்து ஓடுகிறதா? அறிக்கைகளைப் படமாக மட்டும் போடுகிறோம். பார்வையற்ற தோழரின் போன் அதைப் படித்துச் சொல்லாது. கூடவே எழுத்தாகவும் போட எவ்வளவு நேரமாகும்? பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் என்.வி.டி.ஏ. இன்று தமிழ் யூனிகோடையும் வாசிக்கிறது. தடை மென்பொருளில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது.

நம் பேச்சையும் பார்க்க வேண்டும். அதிகாரிகளைத் திட்ட 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்கிறோம். எதிரியின் வாதத்தை 'நொண்டிச் சாக்கு' என்கிறோம். சாதிப் பெயரை வசையாக்கியவர்களை எதிர்த்து வளர்ந்த இயக்கம், இன்னொருவரின் உடலை வசையாக்கலாமா?

பிறப்பால் ஒரு உடலுக்கு ஓர் இடம் என்று எழுதி வைத்தது சாதி. அந்த உடல் எங்கே நடக்கலாம், எதைத் தொடலாம், காலில் என்ன போடலாம் என்று அது முடிவு செய்தது. அதை உடைக்க நினைக்கும் இயக்கம், ஓர் உடல் நடக்கவும் பார்க்கவும் கேட்கவும் தேவையான கருவியைத் தன் கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியில் வைக்க முடியாது.

அடுத்த முறை உங்கள் ஊரில் உபகரண முகாம் நடந்தால் போய்ப் பாருங்கள். மேடையில் யார் நிற்கிறார்கள் என்பதைவிட, கீழே யாராவது அளவு டேப்போடு உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எங்கே என்று கேளுங்கள். ஆம்பூரில் அளவெடுக்கத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?